மசோதாவைப் படிக்க எங்களுக்கும் நாள் கொடுங்கள்
தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் கடிதம், கோப்பு, கணக்கு என்று எழுத்து வேலை பார்ப்பவன் நான். அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு வேலை, கோட்டையில் என்ன மசோதா வருகிறது என்று கண் வைத்திருப்பது. சம்பளத்தில் இது சேராது. ஆனாலும் யாராவது ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். நிறைவேறிய பிறகு படித்தால், மறியலுக்கு நோட்டீஸ் அடிப்பதைத் தவிர வேறு எதற்கும் அது உதவாது.

உங்களிடம் கேட்க எனக்கு ஒரு விஷயம்தான் இருக்கிறது. ஒரு மசோதா அறிமுகமாவதற்கும் நிறைவேறுவதற்கும் நடுவில் நாள் வேண்டும். அந்த நாட்களில் ஒரு குழு உட்கார்ந்து அதை வரி வரியாகப் பார்க்க வேண்டும். குழு என்ன பார்க்கிறது என்பது வெளியில் இருக்கும் எங்களுக்கும் தெரிய வேண்டும்.

2023 ஏப்ரல் 21 உங்களுக்கும் நினைவிருக்கும். பட்ஜெட் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்த மசோதா அன்றுதான் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அன்றைய ஆளுங்கட்சியான திமுகவின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. எங்கள் அலுவலகத்தில் மத்தியானம் தொடங்கிய போன் ராத்திரி வரை நிற்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலையாமே, உண்மையா?” மசோதா சில நாட்களுக்கு முன்பே அவையில் அறிமுகமாகியிருந்தது. அது செய்தியாகவே ஆகவில்லை. நிறைவேறிய பிறகுதான் ஊரே எழுந்து உட்கார்ந்தது.

மசோதாவில் இருந்தது என்ன? 65ஏ என்று ஒரு புதிய பிரிவு. 1948ஆம் வருஷத்துச் சட்டத்தின் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் அரசு விலக்கு அளிக்கலாம் என்பது அதன் சாரம். எண்களாகப் படித்தால் ஒன்றும் தெரியாது, பழைய சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். 51 என்பது வாரத்துக்கு 48 மணி நேரம். 52 வார விடுமுறை. 54 ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். 55 சாப்பாட்டு இடைவேளை. 56, வேலையும் இடைவேளையும் சேர்த்து ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஆலைக்குள் வைத்திருக்கலாம் என்ற வரம்பு. 59 ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். ஒரு தொழிலாளியின் ஒரு நாளை அளந்து வைத்திருந்த முக்கியப் பிரிவுகள் இவைதான். பன்னிரண்டு மணி நேரம் வீதம் நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு, அதுவும் தொழிலாளி விரும்பினால் மட்டும் என்று அமைச்சர்கள் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் அவர்களுடைய பேச்சில் இருந்தது. மசோதாவின் வாசகத்தில் இல்லை.

ஒரு குழு உட்கார்ந்து ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவைப் பக்கத்து ஆட்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் முதல் அரை மணி நேரத்திலேயே விஷயம் வெளியே வந்திருக்கும். விருப்பம் என்பதை யார், எந்தத் தாளில் எழுதி வாங்குவது? ‘மாட்டேன்’ என்று சொன்ன காண்டிராக்ட் தொழிலாளியை அடுத்த மாதம் கேட்டுக்குள் விடுவார்களா? வேலூரிலிருந்தும் செய்யாறிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்களுக்கு, பன்னிரண்டு மணி நேர ஷிப்டோடு போக வர ஆகும் நேரத்தையும் கூட்டினால் தூங்க எத்தனை மணி மிஞ்சும்? இதையெல்லாம் கேட்க வல்லுநர் யாரும் தேவையில்லை. கேட்பதற்கு ஓர் இடம் இருந்தால் போதும். அந்த இடம் இல்லாததால் கேள்விகள் தெருவுக்கு வந்தன. ஏப்ரல் 24 அன்று மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

எங்களுக்கு அது வெற்றி. பட்டாசுகூட வெடித்தோம். ஆனால் உங்கள் நாற்காலியில் இருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று அப்புறம் யோசித்தேன். 234 பேர் கொண்ட ஓர் அவை முறைப்படி நிறைவேற்றிய ஒன்று பத்தே நாளில் ஒரு பூங்கா மேடையில் முடிந்து போனது. அவை எந்த இடத்திலும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு வாய்ப்பே தரப்படவில்லை.

2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகங்கள் திருத்த மசோதாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். அரசு உதவி பெறும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகங்களாக மாற வழி திறந்துவிடும் என்று ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. நிறைவேறிய சில நாட்களிலேயே மறுஆய்வு செய்வோம் என்று உயர்கல்வித் துறை அமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆசிரியர்களை முதலில் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

ஒரு கட்சியை மட்டும் குத்திக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். அதிமுக ஆட்சியில், 2018 ஜூலை 9 அன்று, ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பான லோக் ஆயுக்தாவுக்கான மசோதா அறிமுகமான அன்றே நிறைவேறியது. உச்ச நீதிமன்றம் வைத்த கெடு மறுநாள் முடிகிறது என்ற அவசரம். தெரிவுக் குழுவுக்கு, அதாவது ஒரு மசோதாவை ஆராய உறுப்பினர்களைக் கொண்டு அவை அமைக்கும் குழுவுக்கு, அனுப்புங்கள் என்று அன்றைய எதிர்க்கட்சியான திமுக கேட்டது, கிடைக்கவில்லை, வெளிநடப்பு செய்தது. 2020 பிப்ரவரி 20 அன்று காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் மசோதா. அதுவும் கூட்டத்தொடரின் கடைசி நாள், அதுவும் ஒரே நாளில். திமுக மறுபடியும் தெரிவுக் குழு கேட்டது, மறுபடியும் வெளிநடப்பு. மூன்று வருஷம் கழித்து அதே கட்சி ஆளும் வரிசையில் இருந்தபோது தொழிற்சாலைகள் மசோதாவை எந்தக் குழுவுக்கும் அனுப்பவில்லை. எதிர்வரிசையில் உட்காரும்போது மட்டும் எல்லோருக்கும் தெரிவுக் குழுவின் அருமை தெரிகிறது. வரிசை மாறினாலும் இடம் மாறாத ஒரே நாற்காலி உங்களுடையது. அதனால்தான் இந்த மடல் முதலமைச்சருக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

டெல்டா சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல சட்டம்தான், வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுதாக உள்ளே வந்தன. கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்கள் மட்டும் வந்தன. திருச்சி, கரூர், அரியலூர்ப் பக்கத்து டெல்டா விவசாயிகள் வெளியே நின்றார்கள். ஏன் இந்தக் கோடு இங்கே போடப்பட்டது என்று கேட்க ஒரு நாள்கூட இல்லை. நல்ல சட்டமாக இருந்தால் குழு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வது வழக்கம்.

இன்னொன்று. தொழிற்சாலைகள் மசோதா மேல் எல்லோருடைய கண்ணும் இருந்த அதே ஏப்ரல் 21 அன்று நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதாவும் விவாதம் இல்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கான நிலத்தில் ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் இருந்தால் அவற்றை என்ன செய்வது என்பதைப் பற்றிய சட்டம். இது திரும்பப் பெறப்படவில்லை. ஆளுநர் ஒப்புதல் கிடைத்து, 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் பகுதியில் ஏரிகள் என்ன ஆயின என்று அம்பத்தூர், கொரட்டூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒவ்வொரு மழைக்காலமும் அது வாசல் வரை வருகிறது. நீர்நிலை பற்றிய ஒரு சட்டத்தில் பாசன விவசாயிகள் ஒருவரைக்கூடக் கேட்காமல் அவை முடிவெடுத்ததை எப்படி நியாயப்படுத்துவது?

ஆளுநர் மசோதாக்களைக் கிடப்பில் போட்டதற்கு எதிராகத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்து மசோதாக்களை 2023 நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி நிறைவேற்றி அனுப்பினோம். அந்தச் சண்டையில் நான் அவையின் பக்கம், இப்போதும் அப்படியே. மக்கள் தேர்ந்தெடுத்த அவை எடுத்த முடிவை நியமனத்தில் வந்தவர் மாதக்கணக்கில் மேசையில் வைத்திருக்கக் கூடாது. ஆனால் ஆளுநர் மாளிகையில் மாதக்கணக்கு என்று நாம் கோபப்படுகிற அதே மசோதா கோட்டைக்குள் நிமிஷக்கணக்கில் முடிகிறது என்றால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைச் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டுவார். அவை நிதானமாக ஆராய்ந்து எடுத்த முடிவு என்று நாம் வாதாடும்போது அது உண்மையாக இருக்க வேண்டாமா?

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. மாநிலச் சட்டமன்றங்களைக் கவனித்து வரும் பிஆர்எஸ் அமைப்பின் கணக்குப்படி, 2023இல் நாடு முழுக்க மாநில மசோதாக்களில் 44 சதவீதம் அறிமுகமான அன்றோ மறுநாளோ நிறைவேறிவிட்டன. சட்டமன்றங்கள் கூடியதே சராசரியாக 22 நாட்கள். நாடாளுமன்றமும் பெருமைப்பட முடியாது. பதினைந்தாவது மக்களவையில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. பதினேழாவதில் அது ஆறில் ஒன்றாக இறங்கியது. ஊர் உலகம் எல்லாம் இப்படித்தானே என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். அப்படிச் சொன்னால் வாளையாறைத் தாண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேரளத்தில் 1980 முதல் துறைவாரிப் பொருட்குழுக்கள் இருக்கின்றன. மசோதா அறிமுகமானதும் அந்தந்தத் துறைக்கான குழுவுக்குப் போவது அங்கே வழக்கம். பெரிய விஷயமாக இருந்தால் தெரிவுக் குழுவுக்குப் போகும். பொது சுகாதார மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பித்தான் 2023இல் நிறைவேற்றினார்கள். அங்கேயும் ஓட்டை உண்டு. பொருட்குழுவுக்குத் துறை அமைச்சரே தலைவர். தன் மசோதாவைத் தானே சோதிக்கும் ஏற்பாடு அது, அதை நாம் காப்பியடிக்க வேண்டாம். ஆனால் ஒரு வாரமோ பத்து நாளோ மசோதா வெளிச்சத்தில் கிடக்கிறது. அதற்குள் படிக்க வேண்டியவர்கள் படித்துவிடுகிறார்கள்.

நம் பேரவையில் குழுக்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு என்று வரிசையாக இருக்கின்றன. மாவட்டம் மாவட்டமாகப் போகின்றன, ஆட்சியரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கின்றன, மறுநாள் பேப்பரில் வருகின்றன. ஆனால் இவையெல்லாம் நடந்து முடிந்ததைப் பார்க்கிற குழுக்கள். செலவான பணம், கொடுத்த வாக்குறுதி, கட்டிய கட்டடம். நடக்கப் போகிற சட்டத்தைப் பார்க்க நிரந்தரமாக ஒரு குழு இல்லை. (பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் தலைவராக இருப்பது மக்களவையில் 1967 முதல் இருக்கும் மரபு. இங்கே அதையும் ஆளுக்கு ஏற்ற மாதிரி வளைத்துக்கொள்கிறோம். அது தனிக்கடிதத்துக்கான விஷயம்.)

மனுக்கள் குழுவைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். குழு வருகிறது என்றால் மாவட்ட ஆட்சியர் செய்திக்குறிப்பு வெளியிடுவார். மனு தமிழில், ஐந்து நகல்களோடு, தேதியும் கையெழுத்தும் போட்டு, தலைவர், மனுக்கள் குழு, சட்டமன்றப் பேரவை, சென்னை 9 என்ற முகவரிக்கு அனுப்ப வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். பட்டா, முதியோர் ஓய்வூதியம், அரசு வேலை, வங்கிக் கடன், நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் எதுவும் கூடாது. கறாரான விதிகள்தான், ஆனால் தெளிவானவை. எங்கள் சங்கத்தில் அதிகம் படிக்காத ஒரு தோழர்கூட இந்த விதிகளை ஒரு முறை வாசித்துக்காட்டியதும் தன் தெருவின் மழைநீர் வடிகால் பற்றி ஒழுங்காக ஒரு மனு எழுதிவிட்டார். ஐந்து நகல் எடுத்ததும் ஜெராக்ஸ் கடையில் பில் வாங்கி என்னிடம் நீட்டினார், சங்கக் கணக்கில் சேர்க்கச் சொல்லி.

ஆக, மக்களிடமிருந்து எழுத்தில் வாங்கிப் பதிவு செய்து குழுவின் முன் வைக்கிற ஏற்பாடு உங்கள் செயலகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. வடிகாலுக்கு இருக்கிற வாசல் ஏன் மசோதாவுக்கு இல்லை? அதே முகவரி, அதே ஐந்து நகல், வேண்டுமானால் அதே கறார். இன்ன மசோதா இன்ன குழுவின் முன் இருக்கிறது, இன்ன தேதிக்குள் கருத்து அனுப்பலாம் என்று ஆட்சியர் அலுவலகங்கள் வழியாகவே ஒரு செய்திக்குறிப்பு வந்தால் போதும். புதிதாக ஒரு கட்டடம்கூடக் கட்ட வேண்டியதில்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு முன்னால், 2022 ஆகஸ்டில், உள்துறை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அதற்கும் முன்னால் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அறிக்கை கொடுத்திருந்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் உண்டு, கம்பெனிகள் நீதிமன்றத்துக்கும் போயின. ஆனால் யாரையும் கேட்காமல் கொண்டுவந்தார்கள் என்று ஒருவரும் சொல்ல முடியவில்லை. அது அரசு தானாக விரும்பிச் செய்தது. அடுத்த அரசு விரும்பாமல் போகலாம். மத்தியில் 2014இல் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தார்கள், வரைவுச் சட்டத்தை 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்று. அவர்களே அதைப் பாதி நேரம் மறந்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை. கொள்கையாக இருப்பதால் மறக்க முடிகிறது. பேரவை விதியாக இருந்தால் அவ்வளவு சுலபமாக முடியாது.

விதிக்கு வருவோம். அரசமைப்புச் சட்டத்தின் 208ஆவது உறுப்பு, தன் நடைமுறை விதிகளை அவையே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆளுநரிடமோ டெல்லியிடமோ இதற்குக் கையேந்த வேண்டாம். என்றைக்கு எது எடுத்துக்கொள்ளப்படும் என்று முடிவு செய்யும் அலுவல் ஆய்வுக் குழுவுக்கு நீங்கள்தான் தலைவர். கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதாக்களைக் குவிப்பதை அந்த மேசையிலேயே நிறுத்தலாம். அறிமுகத்துக்கும் ஆய்வுக்கும் இடையில் குறைந்தது பத்து வேலை நாள் என்று ஒரு விதி வந்தால், கடைசி நாள் கூட்டம் தானாகவே குறையும். நிதி மசோதா, வரி மாற்றம், இயற்கைப் பேரிடர், நீதிமன்றக் கெடு போன்றவற்றுக்கு விலக்கு இருக்கட்டும். விலக்கு கேட்கும் அமைச்சர் அவசரத்துக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும், அது அவைக் குறிப்பில் ஏறட்டும்.

மசோதாவின் தமிழ் வாசகம் அறிமுகமாகும் அந்த மணியே இணையத்தில் வர வேண்டும். திருத்த மசோதா என்றால் பழைய வாசகமும் புதிய வாசகமும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும். அரசிதழில் நான்காம் பகுதி முதல் பிரிவைத் தேடி எடுத்து, ‘(ஆ) கூறில் உள்ள சொற்களுக்குப் பதிலாக’ என்று தொடங்கும் வாக்கியத்தை எங்கள் உறுப்பினர்களுக்கு விளக்குவதிலேயே எனக்குப் பாதி நாள் போய்விடுகிறது. நோக்கக் காரண விளக்கவுரை என்று கடைசியில் வரும் பகுதி உதவுகிறதா என்றால், பல நேரம் ‘அரசு இவ்வாறு முடிவு செய்துள்ளது’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதில்லை.

குழுக் கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கின்றன. உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் பேச அந்த மறைவு தேவை என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. அதில் உண்மை இருக்கிறது. கேமரா முன்னால் எல்லோரும் தொகுதிக்குத்தான் பேசுவார்கள். ஆகவே உறுப்பினர்கள் தங்களுக்குள் ஆலோசிப்பது உள்ளேயே நடக்கட்டும். வெளியாட்கள் சாட்சி சொல்லும் அமர்வை மட்டும் திறந்து வையுங்கள். என்றைக்கு, எந்த மசோதா, யார் யார் அழைக்கப்பட்டார்கள் என்ற நிகழ்ச்சி நிரலை ஒரு வாரம் முன்னால் வெளியிடுங்கள். தொழில் கூட்டமைப்பு ஒன்று அமைச்சரைத் தனியே சந்தித்துச் சொல்வதையே குழுவின் முன்னும் வந்து சொல்லட்டும், நாங்களும் போய்ச் சொல்கிறோம். யார் சொன்னது ஏற்கப்பட்டது என்று குழுவின் அறிக்கையில் தெரியட்டும். எங்கள் வாதம் தோற்றாலும் ஏன் தோற்றது என்று உறுப்பினர்களிடம் சொல்ல என்னிடம் ஒரு தாள் இருக்கும்.

2022 ஜனவரியில் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கியபோது அலுவலக டிவியைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. எந்த அமைச்சர் தயாராக வருகிறார், யார் பேப்பரைப் பார்த்துத் தடுமாறுகிறார் என்று எங்கள் ஆட்கள் இப்போது கிரிக்கெட் ஸ்கோர் போலச் சொல்கிறார்கள். அவை முழுவதையும் வெட்டு ஒட்டு இல்லாமல் காட்ட வேண்டும் என்ற கோரிக்கை உயர் நீதிமன்றம் வரை போன ஒன்று. மசோதா மேல் நடக்கும் விவாதம்தான் அதில் முதலில் வர வேண்டியது. ஏற்போர் ‘ஆம்’ என்க, மறுப்போர் ‘இல்லை’ என்க என்று நீங்கள் கேட்கும் அந்த நேரத்தில் எங்கள் தொகுதி உறுப்பினர் வாயைத் திறந்தாரா இல்லையா என்பதை நாங்கள் பார்க்க வேண்டும். குரல் வாக்கெடுப்பில் அது பதிவாவதில்லை. சட்டம் ஆனபின் தொகுதிக்கு வந்து ‘நான் அன்றே எதிர்த்தேன்’ என்று சொல்பவரிடம் என்ன ஆதாரத்தை வைத்துப் பேசுவது? முக்கியமான மசோதாக்களுக்காவது பெயரைப் பதிவு செய்து வாக்கெடுக்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் ஒரே நாளில் நடக்காது என்பது தெரியும். அடுத்த கூட்டத்தொடரில் ஒரே ஒரு மசோதாவைத் தேர்ந்தெடுங்கள். தொழிலாளர் துறையோ வருவாய்த் துறையோ எதுவானாலும் சரி. அதைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பி, மாவட்டங்களில் செய்திக்குறிப்பு கொடுத்து, கருத்து வாங்கி, அறிக்கையை வெளியிட்டுப் பாருங்கள். எத்தனை மனு வருகிறது, எத்தனை பயனுள்ளது என்று உங்கள் செயலகமே எண்ணிப் பார்க்கட்டும். அதன் பிறகு விதிகள் குழுவைக் கூட்டி, நிரந்தர ஏற்பாடு வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

இந்த மடலின் ஐந்து நகல்களைத் தேதி, கையெழுத்தோடு சென்னை 9 முகவரிக்குத் தபாலிலும் அனுப்புகிறேன். பதிலை எழுத்தில் தந்தாலும் சரி, அவையில் அறிவித்தாலும் சரி.

இப்படிக்கு,
அம்பத்தூர் தொகுதி வாக்காளர் ஒருவர்